இருபத்தெட்டு ஊசி

ஜனவரி 5, ஞாயிறு

மதிப்பிற்குரிய தையல்கடைக்காரருக்கு,

இங்கே நானும் மாப்பிள்ளையும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று வக்கீலம்மா சொல்லவில்லை. அதனால் கேட்கவில்லை.

போனில் விட்டால் நாம் இருவரும் வாயை மூட மாட்டோம், எழுத வைத்தால் கை வலித்தாவது நிறுத்துவோம் என்பது அந்த அம்மாவின் யோசனை. நமக்குச் சமரசம் பேச உட்கார்ந்து அவருக்கே தலைவலி வந்துவிட்டது, பாவம். இரண்டு வாரம் உங்கள் வீடு, இரண்டு வாரம் என் வீடு. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு என் தம்பி கூடையைக் கொண்டுவருவான். கடிதம் கூடைக்குள் இருக்கும். பத்தொன்பது வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்களுக்குப் பூனை தபால்காரனாகிவிட்டது.

ஒரு மழைநாளில் உள்ளே வந்தவன் திரும்பிப் போகவே இல்லை. வேலைவெட்டி இல்லாமல் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறான், இவன் வீட்டோட மாப்பிள்ளைதான் என்று பெயர் வைத்தது நீங்கள். அந்த மாப்பிள்ளைக்குப் பதினோரு வயதில் சர்க்கரை நோய் வந்ததற்கும் நீங்கள்தான் காரணம். தைக்கும்போது நீங்கள் ஒன்று தின்றால் அவனுக்கு அரை பிஸ்கட்.

காலை ஏழு, மாலை ஏழு. முதலில் சாப்பாடு, பிறகு ஊசி. ஊசியில் மூன்று கோடு இன்சுலின், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். காது நுனியில் குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்து மிஷினில் பாருங்கள். பின்னங்கால் பலவீனம் இப்போது குறைந்துவருகிறது, குதிகாலைத் தரையில் பதிக்காமல் நடக்கிறான். சர்க்கரை ஏறினால் நரம்பு கெட்டு மறுபடி குதிகாலில் நடப்பான் என்று பூனை டாக்டர் சொன்னதை மறக்காதீர்கள்.

டாக்டர் கொடுத்த சிவப்பு மூடி ஊசியில் ஒரு பெட்டி நீங்கள் பிறகு வந்து எடுத்துப் போனீர்கள். என்னிடம் இருந்ததில் நான்கைந்துதான் மிச்சம். கவலை இல்லை. இருபத்திரண்டு வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறவள், ஊசிக்கு யார் வாசலிலும் போய் நிற்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய முகவரி


ஜனவரி 19, ஞாயிறு

மருந்துக்கடை மகாராணிக்கு,

மாப்பிள்ளையை நல்லபடியாகத் திருப்பி அனுப்புகிறேன். தினமும் எழுதிய சர்க்கரை அளவுத் தாள் கூடவே இருக்கிறது. நூற்றெண்பது, இருநூறு, நூற்றெழுபது. ஒரு நாள்கூட இருநூற்றைம்பதைத் தாண்டவில்லை. நேற்று வெட்டும் மேசை மேல் அவனே ஏறினான். நாற்காலி வழியாக, இரண்டு தவணையில் ஏறினான் என்றாலும் ஏறினான். பிஸ்கட் வாங்குவதையே நிறுத்திவிட்டேன். நான் தின்றால் அவன் பார்க்கிறான், அவன் பார்த்தால் எனக்கு இறங்கமாட்டேன் என்கிறது.

உன் கடிதத்தில் "மறக்காதீர்கள்" என்று எழுதியிருந்தாய். நான் எதையும் மறக்கிறவன் இல்லை. உன் தம்பியின் கல்யாணப் பேன்ட் கதையை நீ எத்தனை பேரிடம் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். நாற்பது அங்குலம் வெட்ட வேண்டிய துணியை டேப்பின் மறுபக்கத்தைப் பார்த்து நாற்பது சென்டிமீட்டர் வெட்டினேன். ஒரு தடவை. தொழிலுக்கு வந்து முப்பது வருடத்தில் ஒரே ஒரு தடவை. நீ அதை இருபத்தேழு தடவை சொல்லியிருக்கிறாய். கடைசியாக உன் தம்பி வீட்டு விருந்தில், என் வாடிக்கையாளர்கள் நான்கு பேர் தட்டோடு நிற்கும்போது எழுந்து நின்று நடித்தே காட்டினாய், முட்டிக்கு மேலே பேன்டோடு மாப்பிள்ளை எப்படி நடப்பான் என்று. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலமே டேப்பையும் நாலு சட்டையையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தச் சிரிப்புக்கு ஒரு நாள் பதில் சொல்வாய்.

இப்படிக்கு,
ஒரு தடவை தப்பாக வெட்டியவன்


பிப்ரவரி 2, ஞாயிறு

மாப்பிள்ளையின் பாதி உரிமையாளருக்கு,

கூடையைத் திறந்து பாருங்கள். திருப்தியா?

நீங்கள் அனுப்பியபோது நடந்து வந்தவன் இவன். இப்போது குதிகால் இரண்டும் தரையில் பதிய, முயல் மாதிரி உட்கார்ந்து உட்கார்ந்து நகர்கிறான். புதன்கிழமை ஜன்னல் மேடைக்குத் தாவினான். முன்னங்கால் பிடித்தது, பின்னங்கால் வரவில்லை. கீழே விழுந்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்பது போல முதுகை நக்கிக்கொண்டான். சர்க்கரை நானூற்றுப் பத்து, நானூற்று நாற்பது. நான் ஒரு வேளை தவறவில்லை. ஒரு கோடு பிசகவில்லை. தாளைப் பாருங்கள்.

அப்படியானால் உங்கள் நூற்றெண்பதும் இருநூறும் எங்கிருந்து வந்தன? நீங்களாக எழுதிக்கொண்டவை. "பிஸ்கட் வாங்குவதையே நிறுத்திவிட்டேன்" என்று நீங்கள் எழுதியபோதே எனக்குத் தெரியும். கேட்காமலே சொல்கிறார் என்றால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது. அங்கே ஏற்றிவிட்டு அனுப்புகிறீர்கள், இங்கே வந்து அது வேலையைக் காட்டுகிறது. என்னைக் குத்த வழி தெரியாமல் வாயில்லாத ஜீவனைக் குத்துகிறீர்கள்.

வக்கீலம்மாவுக்கு எழுதிவிட்டேன். மாப்பிள்ளை முழுக்க என்னிடமே இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இரண்டு மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். நீங்கள் என்னை விட்டுப் போனீர்கள், போங்கள். இவனை உங்களுக்கு விட மாட்டேன். அந்தக் கூடை ஒரு நாள் உங்கள் வாசலுக்கு வராமல் போகும். அன்று தெரியும் உங்களுக்கு.

இப்படிக்கு,
முழு உரிமையாளர் ஆகப்போகிறவள்


பிப்ரவரி 16, ஞாயிறு

அன்புள்ள உனக்கு,

நலம், நலமறிய ஆவல்.

இந்த முறை சண்டை போட ஒன்றும் இல்லை. நீ எழுதியதையெல்லாம் நிதானமாக இரண்டு தடவை படித்தேன். மாப்பிள்ளை இங்கே கொஞ்சம் தேறியிருக்கிறான். நேற்று சர்க்கரை இருநூற்றுப் பத்து. பின்னங்கால் முழுதாகச் சரியாகவில்லை, ஆனால் குதிகால் சற்றே எழும்புகிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்த இரண்டு வாரமும் காலையும் மாலையும் சர்க்கரை அளவையும் எத்தனை கோடு மருந்து என்பதையும் உன் கையாலேயே எழுது. ஒவ்வொரு நாளும் கீழே கையெழுத்துப் போடு. வக்கீலம்மா பார்க்கும்போது யார் மேல் தவறு என்று சந்தேகம் வரக்கூடாது, அதற்காகத்தான்.

குளிராக இருக்கிறது, கூடையில் கனமான துணி போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உன் வீட்டுக்காரன்


மார்ச் 2, ஞாயிறு

என்னங்க,

நீங்கள் தன்மையாக எழுதினால் எழுத்து உங்களுடையதுதானா என்று திருப்பிப் பார்க்கத் தோன்றுகிறது. இருந்தாலும் கேட்டபடி செய்திருக்கிறேன். இருபத்தெட்டு வேளை, இருபத்தெட்டு வரி, ஒவ்வொன்றின் கீழும் கையெழுத்து. மூன்று கோடு, மூன்று கோடு, மூன்று கோடு. சர்க்கரை ஐந்நூறை எட்டிவிட்டது.

இந்தக் கடிதத்தில் எனக்குச் சண்டை வரவில்லை. அவன் நடப்பதில்லை, இழுக்கிறான். சமையலறைத் தரை வழுக்குகிறது என்று வீட்டிலுள்ள மிதியடிகளையெல்லாம் வரிசையாகப் போட்டு, தண்ணீர்க் கிண்ணம்வரை பாதை கட்டினேன். பாதி தூரம் வந்து நின்றுவிட்டு என்னைப் பார்க்கிறான். செவ்வாய்க்கிழமை மண்தட்டுக்குப் போய்ச்சேர முடியாமல் வழியிலேயே நனைத்துவிட்டான். துடைக்கக் குனிந்தால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவனுக்கு வெட்கம். பூனைக்கு வெட்கம் உண்டா என்று கேட்காதீர்கள், நான் பார்த்தேன்.

முன்பெல்லாம் ஊசி என்றால் கட்டிலுக்கு அடியில் ஓடுவான், நினைவிருக்கிறதா? இப்போது பெட்டி திறக்கும் சத்தம் கேட்டால் தானே இழுத்துக்கொண்டு வந்து குனிந்து கழுத்தைக் காட்டுகிறான். இதனால்தான் சரியாகும் என்று அவனுக்கும் யாரோ சொல்லிவிட்டார்கள் போல. நான் மூன்று கோடு இழுத்துப் போடுகிறேன். மறுநாள் இன்னும் மோசமாகிறான்.

நான் நேராகவே கேட்கிறேன். அங்கே தேறுகிறவன் இங்கே ஏன் படுக்கிறான்? உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். பிஸ்கட் என்றாலும் சொல்லுங்கள், வக்கீலம்மாவிடம் போக மாட்டேன். இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் என்னை ஜெயித்தாலும் பரவாயில்லை.

உடனே பதில் போடுங்கள். இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், தம்பியிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
நான்தான்


மார்ச் 16, ஞாயிறு

மருந்துக்கடையில் இருபத்திரண்டு வருடம் நின்றவளுக்கு,

கூடை காலியாக வருகிறது. பதறாதே, மாப்பிள்ளை பத்திரமாக என் மேசைக்கடியில் படுத்திருக்கிறான். இனிமேல் இங்கேதான் இருப்பான். கடிதத்தின் நகல் வக்கீலம்மாவுக்கும் போகிறது. உன் இருபத்தெட்டுக் கையெழுத்தும் போகிறது.

கூடையின் மூலையில் ஒரு சின்ன உறை வைத்திருக்கிறேன், பிரித்துப் பார். ஆரஞ்சு மூடி. பிப்ரவரி இரண்டாம் தேதி மாப்பிள்ளை வந்தபோது கூடைத் துணியை உதறினேன், டக்கென்று விழுந்தது. என்னிடம் இருப்பதெல்லாம் சிவப்பு மூடி. இது எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். அன்றைக்கே பூனை டாக்டரிடம் போய்க் காட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பூனையின் மருந்தில் ஒரு மில்லிக்கு நாற்பது பங்கு, அதாவது யூனிட். அதற்கான ஊசியில் நாற்பது கோடு. அது சிவப்பு மூடி. மனிதர்களின் மருந்தில் ஒரு மில்லிக்கு நூறு பங்கு, அந்த ஊசியில் நூறு கோடு. அது ஆரஞ்சு மூடி. பூனை மருந்தை மனித ஊசியில் மூன்று கோடு இழுத்தால் மூன்று பங்கு ஏறாது. ஒன்றேகால்கூட ஏறாது. உன் கடையில் இருக்கிற ஊசியை எடுத்து, உன் கையால், உன் கண்ணால் பார்த்துப் பார்த்து, பாதிக்கும் குறைவான மருந்தைப் போட்டிருக்கிறாய். பிஸ்கட்காரன் நான் இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இன்னும் புரியவில்லை என்றால் தையல்காரன் பாஷையில் சொல்கிறேன். டேப்புக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர். ஓர் அங்குலத்தில் இரண்டரை சென்டிமீட்டர் அடங்கும். உன் ஊசியிலும் அதே இரண்டரைதான் வித்தியாசம், அளந்து பார். நீ டேப்பின் மறுபக்கத்தைப் பார்த்து வெட்டியிருக்கிறாய். நான் வெட்டியது துணி.

எழுந்து நின்று நடித்துக் காட்டு இப்போது, மாப்பிள்ளை எப்படி நடப்பான் என்று.

இப்படிக்கு,
ஜெயித்தவன்


மார்ச் 23, ஞாயிறு

தையல்காரருக்கு,

தப்பு என்னுடையது. முதலில் அதை எழுதிவிடுகிறேன், நீங்கள் தேட வேண்டாம். டாக்டர் "இதே ஊசிதான் வாங்கணும்மா" என்றார். எனக்கா ஊசி தெரியாது என்று திமிராக நினைத்தேன். மூடி எந்த நிறமாக இருந்தால் என்ன, கோடு கோடுதானே என்று எடுத்தேன். உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் கடைக்குப் போய் இரண்டு ஊசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டேன். வந்தவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கக் கை வரவில்லை. அவன் கால் போனதற்குக் காரணம் இந்தக் கைதான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லித் தப்பிக்கப் போவதில்லை.

எல்லாம் அழுது முடித்த பிறகு உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்தேன். நீங்கள் நன்றாக வெட்டுவீர்கள். ஆனால் வெட்டும் அவசரத்தில் ஒரு தேதியை உள்ளே வைத்துத் தைத்துவிட்டீர்கள்.

பிப்ரவரி இரண்டாம் தேதி மூடி விழுந்தது. அன்றைக்கே டாக்டர் சொல்லிவிட்டார். பதினாறாம் தேதி கனமான துணி போட்டு, நலமறிய ஆவல் என்று எழுதி, அவனை என்னிடம் அனுப்பினீர்கள்.

தெரிந்தே அனுப்பினீர்கள். சாட்சிக்காக அனுப்பினீர்கள். எனக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தீர்கள். அந்தப் பதினான்கு நாளும் ஏழு மணி அடிக்கும்போதெல்லாம், இப்போது அவள் தப்பான ஊசியைப் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு தையல் மிஷினை மிதித்தீர்கள். இங்கே அவன் இழுத்துக்கொண்டு வந்து கழுத்தைக் காட்டினான். மார்ச் இரண்டாம் தேதி நான் மானத்தை விட்டுக் கேட்டேன், தெரிந்தால் சொல்லுங்கள் என்று. அதற்கும் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டீர்கள், நல்ல காகிதத்தில் நகல் எடுக்க.

சிவப்பு மூடி தீர்ந்தபிறகு ஜனவரியில் நான் போட்டதெல்லாம் என் பாவம், அதை நான் சுமக்கிறேன். அந்த இருபத்தெட்டு உங்கள் பாவம். நான் பேன்ட் கதையைச் சொன்னது இருபத்தேழு தடவை, நீங்களே எண்ணியது. ஒன்று அதிகமாகவே திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள்.

நான் வக்கீலம்மாவுக்குப் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். அந்தத் தேதிக்குக் கீழே ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"தெரிஞ்சேவா அனுப்பினாரு?" என்றார்.

நான் விரலால் அந்தக் கோட்டைக் காட்டினேன். உங்கள் எழுத்தே பதில் சொன்னது. பிறகு சொன்னார், "உங்க தப்புக்குப் புது ஊசிப் பெட்டி போதும்மா. அவர் செஞ்சதுக்கு என்ன வாங்கறது?"

மாப்பிள்ளை இனி இங்கேதான். கூடையோடு தம்பி வாசலில் நிற்கிறான். இது என் வார்த்தை இல்லை, அவர் வார்த்தை, தாள் கூடவே இருக்கிறது. மாப்பிள்ளையைக் கூடையில் வைத்து அனுப்புங்கள். மிச்சமிருக்கும் சிவப்பு மூடிகளையும் வையுங்கள்.

இப்படிக்கு,
தோற்றவள்


மார்ச் 23, அதே நாள்

உன் தம்பி அவசரப்படுத்துகிறான். நின்றுகொண்டே எழுதுகிறேன்.

அந்தப் பிப்ரவரி பதினாறாம் தேதி கூடையை மூடும்போது என் கை நின்றது. "ரெண்டு வாரம்தானே" என்று வாய்விட்டுச் சொன்னேன். மாப்பிள்ளையிடம்தான் சொன்னேன். அவன் தலையை வெளியே நீட்டி என் விரலை நக்கினான். அப்படியும் மூடினேன். ரெண்டு வாரத்தில் இவ்வளவு ஆகும் என்று நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்பதும் பொய். நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவை ஜெயிக்க ஆசைப்பட்டேன். அந்த இருபத்தேழுக்கு நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம். இந்த இருபத்தெட்டுக்கு நான் கேட்கிறேன். உன்னிடம் இல்லை, அவனிடம் சொல்லிவிடு.

வலது காதில் குத்தாதே, அங்கே புண். இடது பக்கம் குத்து. கூடையை மட்டும் திருப்பி அனுப்பு. எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மணி நேரத்துக்காவது அவன் வரட்டும். அதுவும் முடியாது என்றால் எப்படி நடக்கிறான் என்று ஒரு வரி எழுது.

நான்


மே 18, ஞாயிறு

எட்டு வாரம் கழித்து எழுதுகிறேன். எட்டு வாரமும் எழுத நேரம் இருந்தது. எழுதவில்லை.

கூடை கேட்டிருந்தீர்கள், தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். காலியாகத்தான் வருகிறது. காலிக் கூடையைத் திறந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று நான் மார்ச் பதினாறாம் தேதி தெரிந்துகொண்டேன். உங்களுக்கும் தெரிய வேண்டும்.

அந்தக் கல்யாணப் பேன்ட் கதையை இனி யாரிடமும் சொல்ல மாட்டேன், நிம்மதியாக இருங்கள். அதைவிடப் பெரிய கதை என்னிடம் இருக்கிறது. அதையும் சொல்லப் போவதில்லை. நீங்கள் மட்டும், நான் எப்போது யாரிடம் சொல்வேனோ என்று நினைத்துக்கொண்டே இருந்தால் போதும்.

நீங்கள் சொல்லச் சொன்னதை அவனிடம் சொன்னேன். என் பங்கையும் சேர்த்துச் சொன்னேன். அவன் கொட்டாவி விட்டான்.

எப்படி நடக்கிறான் என்று கேட்டீர்கள். சர்க்கரை நூற்றைம்பதுக்கும் இருநூறுக்கும் நடுவில் நிற்கிறது. ஏப்ரல் கடைசியில் இடது குதிகால் எழும்பியது, பத்து நாள் கழித்து வலது. மிதியடிப் பாதையை எடுத்துவிட்டேன். இப்போது விரல் நுனியில் நடக்கிறான். ஜன்னலுக்குத் தாவ இன்னும் பயம், கீழே நின்று அளந்து பார்க்கிறான், பிறகு வேண்டாம் என்று போய்விடுகிறான்.

ஆனால் தினமும் மாலை ஆறே முக்காலுக்கு, ஊசிக்குக் கால் மணி நேரம் முன்னால், கூடத்தைத் தாண்டி நேராக வாசலுக்கு நடந்து போகிறான். கதவைப் பார்த்து உட்காருகிறான். நீங்கள் கடையை மூடிவிட்டு வருகிற நேரம் அது. ஏழு அடிக்கும்வரை அசைவதில்லை. பிறகு நான் போய்த் தூக்கிவருகிறேன்.

கால் குணமானதும் அவன் முதலில் நடந்துபோன இடம் அதுதான். உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். கதவைத் திறக்க மாட்டேன்.

பதில் போட வேண்டாம். தம்பி இனி அந்தப் பக்கம் வர மாட்டான்.